மழைக்காரர் நனைந்த வெள்ளிக்கிழமை

இந்தோனேசியாவின் போகோரில் மழையை நிறுத்துகிறேன் என்று சொல்லி ஒருவன் பிழைக்கிறான் என்றால் அவன் மகானாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெட்கம் கெட்டவனாக இருக்க வேண்டும். ஜாஜாங் இரண்டிலும் சேர்த்தி இல்லை. ஐம்பதைத் தொட்ட வயது, சின்னத் தொந்தி, நாலு உதை உதைத்தால்தான் கிளம்பும் மோட்டார் சைக்கிள், தையல் வேலை செய்யும் மனைவி இமாஸ், பாண்டுங்கில் தங்கிப் படிக்கும் மகள் ரின்ரின். ஆள் அவ்வளவுதான்.

எங்கள் ஊர் மழையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மதியச் சோறு தின்று ஏப்பம் விடுவதற்குள் வந்துவிடும். அதனால் இங்கே கல்யாணம் என்றால் பந்தல்காரர், சமையல்காரர், மழைக்காரர் மூன்று பேரிடமும் கேட்டுவிட்டுத்தான் பத்திரிகை அடிப்பார்கள். மழையை நிறுத்துகிறவருக்குத்தான் மழைக்காரர் என்று பேர். அது என்ன நியாயமோ, ஊர் வைத்த பேர்.

ஜாஜாங் ஒன்றும் பரம்பரை மழைக்காரர் இல்லை. முன்பு ஷேர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் ஒரு கல்யாண வீட்டு வாசலில் வேன் நின்றுபோனது. கொட்டுகிற மழையில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து, அச்சில் ஏற்ற முடியாத நாலு வார்த்தை சொல்லி, "நிறுத்தித் தொலையேன்!" என்று கத்தினார். மழை நின்றுவிட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் பெண்ணின் அப்பா அதை வாசலில் நின்று பார்த்துவிட்டார். அடுத்த வாரமே இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். வேனை விற்றாயிற்று.

தொழில் என்று வந்துவிட்டால் சட்டதிட்டம் வேண்டுமே. வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து சனிக்கிழமை கல்யாணப் பாத்திரம் கழுவி முடிகிற வரைக்கும் மழைக்காரர் குளிக்கக் கூடாது. தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. பட்டால் அத்தனையும் போச்சு, வானம் பிய்த்துக்கொள்ளும். ஜும்மா தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவி ஒளு செய்கிற தண்ணீர் மட்டும் கணக்கில் சேராது, அது அல்லாவுக்கும் தனக்கும் உள்ள விவகாரம் என்று ஜாஜாங் தாமாகவே ஒரு சலுகை எழுதிக்கொண்டார். மற்றபடி சட்டத்தை மீறியதே கிடையாது. இந்தப் புழுக்கத்தில், இந்த வேர்வையில், ஒரு நாள் முழுக்கக் குளிக்காத மனுஷன் எப்படி இருப்பார் என்று நான் சொல்ல வேண்டாம். இமாஸைக் கேட்டால் சொல்வாள். வெள்ளிக்கிழமை ராத்திரியானால் தலையணையை எடுத்துக்கொண்டு தையல் அறைக்குப் படுக்கப் போய்விடுவாள். வருஷக்கணக்காக இதே கதைதான்.

அந்த வெள்ளிக்கிழமை விடியும்போதே மழை. மதியம் வரவேண்டிய விருந்தாளி காலையிலேயே பெட்டியோடு வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி.

ஜாஜாங்குக்கு வெள்ளிதான் வேலை நாள். வீடுதான் ஆபீஸ். முன்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு போன், கிராம்பு சிகரெட், வரிசையாகப் பூந்தொட்டிகள். ஒரு தொட்டிக்கு ஒரு கல்யாணம். ஒவ்வொன்றிலும் சிவப்பு மிளகாயும் சின்ன வெங்காயமும் கோத்த தென்னை ஈர்க்குச்சி நட்டிருக்கும். அதுதான் மழையைத் தடுக்கிற வேலி. காலையிலிருந்தே 'பாக்' என்று, அதாவது ஐயா என்று, கூப்பிட்டுப் போன் ஓயவில்லை.

"பாக் ஜாஜாங், எங்க வீட்டுக்கு மேல கறுப்பா ஒண்ணு வந்து நிக்குது. போட்டோ அனுப்பியிருக்கேன், பாத்தீங்களா?"

"பாத்தேன் தாயி. அது மேகமில்ல, உங்க போன்ல ஒட்டின மிளகாச் சம்பல். துடைச்சுட்டு மறுபடி எடுங்க."

உள்ளேயிருந்து இமாஸ் சிரிப்பது கேட்டது. தையல் மிஷின் சத்தத்தையும் மீறிச் சிரிக்கிறவள் அவள். வீட்டில் அவளுக்கு அவர் 'காங்', அவருக்கு அவள் 'நெங்'.

"காங், நேத்து சம்பல்ல காரமே இல்லைன்னீங்களே, காலையில சரியா இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. ஏன், மிளகா ஏது? வாங்கவே இல்லையே."

"மூணாவது தொட்டிக் கல்யாணத்துலேர்ந்து ரெண்டு எடுத்தேன்."

"அடிப் பாவி! அந்த வீட்டுல நாளைக்கு வெள்ளம் வந்தா யார்டி பதில் சொல்றது?"

"அதான் இப்பவே வந்துருச்சே, வாசல்ல எட்டிப் பாருங்க."

சந்தில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. யாருடைய செருப்போ ஒன்று தனியாகப் பயணம் போனது. ஜாஜாங் சிகரெட்டைப் பற்றவைத்தார். மற்ற கல்யாணங்களைப் பற்றி அவருக்கு அவ்வளவு கவலையில்லை. முதல் தொட்டியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஹாஜியம்மா யோயோவின் தொட்டி.

ஹாஜியம்மாவுக்கு டோஃபு பட்டறை, மூன்று வீடு, ஊரை வாங்கி ஊரை விற்கும் வாய். அவர் மகளுக்கு நாளை கல்யாணம். வானத்தை ஜாஜாங்கிடமும், மணப்பெண் உடுத்தும் வெள்ளை லேஸ் கெபாயாச் சட்டையை இமாஸிடமும் ஒப்படைத்திருந்தார். போன சனிக்கிழமை வேறு ஒரு கல்யாணத்தில் ஜாஜாங் கோட்டைவிட்டு, ஆட்டுக்கறிக் குழம்பில் மழைத்தண்ணீர் விழுந்து சூப்பாகிவிட்டது. அதிலிருந்து ஊர் லேசாகச் சிரிக்க ஆரம்பித்திருந்தது. ஹாஜியம்மா வீட்டிலும் மழை பெய்தால் அத்தோடு நாற்காலியை மடக்கிவிட வேண்டியதுதான். ஐம்பது வயதில் எவன் வேன் கொடுப்பான்?

ஜாஜாங் தொழுகைக்குப் போய்வந்த கதையே ஒரு நாவல். மழைக்கோட்டு, அதற்கு மேல் இன்னொரு மழைக்கோட்டு, தலையில் ஹெல்மெட், ஹெல்மெட்டுக்கு மேல் பிளாஸ்டிக் பை, கையில் குடை. பள்ளிவாசல் படியில் கொத்தனார் கொசிம் அவரைப் பார்த்துவிட்டு, "என்ன பாக், நிலாவுக்குப் போறீங்களா?" என்று கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜாஜாங்கும் சிரித்தார். உள்ளுக்குள் எரிந்தது.

வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் இமாஸ் அலறினாள்.

"காங்! ஓடி வாங்க! ஒழுகுது!"

தையல் அறையின் பிளைவுட் உட்கூரை கர்ப்பிணி வயிறு மாதிரி கீழே தொங்கிக்கொண்டிருந்தது. ஓரத்தில் சொட்டுச் சொட்டாக ஆரம்பித்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கயிறு போல இறங்கியது. இமாஸ் கெபாயாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். வெள்ளை லேஸ், கழுத்திலும் கையிலும் மணி வேலை. நாலு வாரம் கண் நோகத் தைத்தது. கரை மட்டும் மிஷினில் ஓட்ட வேண்டியது பாக்கி. சாயங்காலம் ஹாஜியம்மாவே வந்து எடுத்துப்போவதாகச் சொல்லியிருந்தார். அந்தக் கூரைத் தண்ணீர் மாட்டு மூத்திர நிறத்தில் இருந்தது. வெள்ளை லேஸில் ஒரு சொட்டு விழுந்தால் எந்தச் சோப்புக்கும் போகாது.

இருவரும் மிஷினை முன் அறைக்கு இழுத்தார்கள். பத்து நிமிஷம் ஆகவில்லை, முன் அறையிலும் சொட்ட ஆரம்பித்தது. பழைய வீட்டையும் பின்னால் சேர்த்துக் கட்டியதையும் இணைக்கிற தகரக் கால்வாய் நடுச்சுவருக்கு மேலேதான் ஓடுகிறது. அதில் எங்கோ அடைப்பு. தண்ணீர் போக வழியில்லாமல் இரண்டு பக்கமும் வழிகிறது. மிச்சமிருந்தது சமையலறை மட்டும், அங்கே எண்ணெய்ப் புகை. பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றால் சந்து முழுக்கத் தண்ணீர், மேலே மழை.

"மேல ஏறி அடைப்பை எடுத்து விடுங்க காங்."

"நானா?"

"இல்ல, பக்கத்து வீட்டுப் பூனை."

"நெங், இன்னிக்கு வெள்ளி. என் தலையில தண்ணி படக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? அதுவும் இதே ஹாஜியம்மாவோட வேலை. நான் நனைஞ்சா நாளைக்கு அவங்க பந்தலே மிதக்கும். என் பொழைப்பே போயிரும்."

"துணி பாழானா என் பொழைப்பு போகாதா?"

ஜாஜாங் அவசரமாகக் கொசிமுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் டீவி சத்தமும், நூடுல்ஸ் உறிஞ்சுகிற சத்தமும் கேட்டன.

"மழை நேரத்துல ஓட்டு மேல ஏற மாட்டேன் பாக். வழுக்கி விழுந்தா என் பொண்டாட்டிக்கு நீங்களா சோறு போடுவீங்க? மழை நிக்கட்டும், வரேன்."

"எப்பப்பா நிக்கும்?"

"அதை என்னையா கேக்கறீங்க?"

போனை வைத்துவிட்டான். ஜாஜாங்குக்கு மூஞ்சி செத்துப்போயிற்று.

திரும்பிப் பார்த்தால் இமாஸைக் காணோம். கெபாயாவைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, அலமாரியிலிருந்த அரிசி டப்பாவைக் காலி செய்து அதற்குள் வைத்து மூடியிருந்தாள். பின்பக்கம் ஏணி இழுபடுகிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தார். சரோங்கை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, மழையில் தொப்பலாக நனைந்து, அவள் இரண்டாவது படியில் நின்றாள். இடது முழங்காலில் வலி என்று மாசக்கணக்காகத் தைலம் தேய்க்கிறவள்.

"இறங்குடி! பைத்தியமா உனக்கு?"

"பைத்தியம்தான். இல்லாட்டி உங்களக் கட்டிக்கிட்டு இத்தன வருஷம் குப்ப கொட்டியிருப்பேனா?" முகத்தில் வழிந்த தண்ணீரைப் புறங்கையால் துடைத்தாள். "வெள்ளின்னா உங்க மழை. சனின்னா உங்க மழை. ரின்ரினுக்குக் காய்ச்சல் வந்தப்பக்கூட ஆஸ்பத்திரிக்கு நனைஞ்சுக்கிட்டு நான்தான் தூக்கிட்டுப் போனேன், நீங்க வாசல்ல குடையோட நின்னீங்க. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, என் வேலைக்காக நனைஞ்சிருக்கீங்களா?"

அடுத்த படியில் கால் வைத்தாள். முழங்கால் மடங்கி உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விழவில்லை. ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அந்த ஒரு நொடியில் ஜாஜாங்குக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஹெல்மெட், மழைக்கோட்டு, ஹாஜியம்மா, எதுவும் ஞாபகத்தில் இல்லை. மழைக்குள் பாய்ந்து அவள் இடுப்பைப் பிடித்து இறக்கினார். தலையில், முகத்தில், முதுகில் தண்ணீர் அடித்தது. சட்டைக்குள் புகுந்து ஓடியது. அடடா, என்ன சுகம்! அந்த நேரத்திலும் அதுதான் முதலில் தோன்றியது என்று பின்னால் அவரே என்னிடம் சொன்னார்.

இமாஸ் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "நனைஞ்சுட்டீங்களே காங்."

"முழுக்க நனைஞ்சப்பறம் முக்காடு எதுக்கு? ஏணியப் பிடி."

பாசி படிந்த ஓட்டில் தவழ்ந்து தவழ்ந்து கால்வாய்க்குப் போய்ச் சேர்ந்தார். குளம் மாதிரி தண்ணீர் நின்றது. கையை விட்டுத் துழாவினார். ஏதோ சிக்கியது. இலையில்லை, எலியில்லை. வழவழவென்று துணி. இழுத்தார். ஒரு ஆண்பிள்ளை ஜட்டி.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். விசேஷ வீட்டுக்காரர்கள் மழை வராமலிருக்க உள்ளாடை ஒன்றைக் கூரைமேல் எறிவது எங்கள் பக்கத்து வழக்கம். போட்டுக் கழற்றியதைத்தான் எறிய வேண்டும், துவைத்தது பலிக்காது. ஜாஜாங்குக்கு இது பிடிக்கவே பிடிக்காது. "டாக்டர்கிட்ட வந்துட்டு மந்திரவாதியையும் பாக்கறதா?" என்று எல்லா வீட்டிலும் கண்டித்துச் சொல்லிவிடுவார். எல்லாரும் தலையாட்டுவார்கள். அவர் சொன்னபடியே தங்கள் கூரையில் எறியவும் மாட்டார்கள். மழைக்காரர் கூரையே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது சொந்தக் கூரை எதற்கு? இரட்டைப் பலன் ஆயிற்றே!

ஜாஜாங் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கோடு போட்டது, புள்ளி போட்டது, குழந்தையுடையது, பள்ளிக்கூட வாத்தியாருடையது என்று ஊரே அறிந்த பச்சை அரைக்கால் உள்டிராயர். வருஷக்கணக்கில் நடந்த கல்யாணம், சுன்னத்து, புதுமனை புகுவிழா எல்லாம் அந்தக் கால்வாயில் ஊறிக்கிடந்தன.

"என்ன காங் அடைப்பு?" கீழேயிருந்து இமாஸ் கத்தினாள்.

"என் வாடிக்கையாளருங்கடி! அத்தனை பேரும் இங்கதான் இருக்காங்க!"

கோபம் தலைக்கேற ஒவ்வொன்றாக எடுத்துச் சந்துப் பக்கம் வீசினார். கடைசியில் வாயடைப்பாக இருந்தது ஒன்று, பெரியது, பாய் விரிக்கிற அளவு, மஞ்சளில் சிவப்புச் செம்பருத்தி போட்டது. அதை இழுத்ததும் கால்வாய் 'குபுக்'கென்று சத்தம் போட்டுக்கொண்டு திறந்தது. தண்ணீர் சுழன்று ஓடியது. ஜாஜாங் அதையும் சுழற்றி ஒரே வீச்சாக வீசினார்.

அது சந்தில் வந்துகொண்டிருந்த ஒரு குடைமேல் போய் விரிந்து உட்கார்ந்தது.

குடைக்குக் கீழே ஹாஜியம்மா யோயோ. கெபாயாவை எடுத்துப்போக முன்கூட்டியே வந்துவிட்டார். மேலே பார்த்தார். ஓட்டின் மேல், உச்சி முதல் உள்ளங்கால் வரை சொட்டச் சொட்ட, அவருடைய மழைக்காரர்.

"ஜாங்! அடப் பாவி மனுஷா! நனைஞ்சு நிக்கிறியே! நாளைக்கு என் பொண்ணு கல்யாணம்டா! ஊர்ல ஒரு வீடு விடாம பத்திரிக வச்சிருக்கேன்! என் குடிய கெடுத்துட்டியே!"

ஜாஜாங் அவசரமாக ஏணிக்குத் தவழ்ந்தார். ஏணியில் பாதி இறங்கி அப்படியே நின்றார். இமாஸ்தான் முன்வந்து குடைமேலிருந்த செம்பருத்தியை இரண்டு விரலால் எடுத்து விரித்துப் பிடித்தாள். புரட்டிப் பார்த்தாள். இழுத்துப் பார்த்தாள்.

"இந்த எலாஸ்டிக் நான் வச்சுத் தச்சதாச்சே ஹாஜியம்மா. உங்க வீட்டு ஜன்னல் திரையில மிச்சம் விழுந்த துணி. நோன்புக்கு முன்னாடி ஆறு தச்சுக் குடுத்தேன். இது எப்படி எங்க கூரைக்கு வந்துச்சு? கால் முளைச்சா?"

ஹாஜியம்மா சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஜன்னல்களில் தலைகள் முளைக்க ஆரம்பித்திருந்தன.

"மெதுவாப் பேசு இமாஸ்," என்றார், அவர் வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாக. "ஜாங் மேல நம்பிக்கை இல்லாம இல்ல. நம்பிக்கைக்கு ஒரு துணைக்குத்தான் போட்டு வச்சேன்."

"உங்க துணை எங்க கூரையப் பிளந்து, உங்க பொண்ணு கெபாயாவ நாசம் பண்ணப் பாத்துச்சு. அதைக் காப்பாத்தத்தான் இவர் நனைஞ்சார்."

"துணிக்கு ஒண்ணும் ஆகலயே?"

"அரிசி டப்பாவுல பத்திரமா இருக்கு. கரை ஓட்டித் தரேன், உள்ள வந்து உக்காருங்க."

ஹாஜியம்மா செம்பருத்தியை வாங்கிச் சுருட்டிக் கைப்பைக்குள் திணித்தார். "ஜாங், நீ நனையல. நான் பாக்கல. புரியுதா?"

"நானும் எதையும் பாக்கல ஹாஜியம்மா," என்றார் ஜாஜாங் ஏணியிலிருந்து.

கெபாயா போய்ச் சேர்ந்தது. மழை மட்டும் போகவில்லை. ஜாஜாங் சமையலறையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, வெல்லம் போட்ட இஞ்சிக் கஷாயத்தை வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நாளைக்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். பந்தல் ஒழுகும், ஊர் சிரிக்கும், ஹாஜியம்மா வாயை மூடினாலும் வானம் வாயை மூடாது. இமாஸ் பெரிய பானையில் வெந்நீர் வைத்தாள். கொதித்ததும் வாளியில் ஊற்றிக் குளியலறையில் வைத்துவிட்டு, புது சோப்புக்கட்டி ஒன்றைப் பிரித்து அவர் கையில் கொடுத்தாள்.

"நனைஞ்சதுதான் நனைஞ்சீங்க. நல்லாத் தேச்சுக் குளிங்க."

குளித்தார். கண்ணில் நீர் வந்தது. சோப்பா, வேறு ஏதாவதா என்று அவர் ஆராயவில்லை.

சனிக்கிழமை காலை பந்தலுக்கு அடியில், தூக்குமேடைக்குப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். எட்டு மணிக்கு மேகம் விலகியது. ஒன்பதுக்கு வெயில் சுரீரென்று அடித்தது. மணப்பெண் வெள்ளைக் கெபாயாவில் மணி மின்ன வந்து நின்றாள். பார்த்தவர்களெல்லாம் யார் தைத்தது என்று கேட்டார்கள். கடைசிப் பந்தி முடிந்து, பாத்திரம் கழுவி, கவிழ்த்து வைத்த பிறகுதான் முதல் தூறல் விழுந்தது. கொசிம் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "பாக், மன்னிச்சுக்கங்க. நீங்க மனுஷனே இல்ல!" ஹாஜியம்மா எல்லார் முன்னாலும் ஜாஜாங்கைப் புகழ்ந்து தள்ளினார், கைப்பையை மட்டும் கக்கத்தில் இறுக்கிப் பிடித்தபடி.

ஜாஜாங்குக்குச் சந்தோஷமே வரவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

"அப்போ நெங், இத்தன வருஷமா நான் குளிக்காம இருந்தது?"

"அதைத்தான் நானும் இத்தன வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன்," என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த இமாஸ். அவர் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். "வண்டிய எடுங்க, நனையறோம்."

அடுத்த வெள்ளிக்கிழமை. வழக்கம்போல மழை, வழக்கம்போல போன். புதுத் தொட்டியில் புது மிளகாய்.

"பாக் ஜாஜாங், நாளைக்குக் கல்யாணம். நீங்க குளிக்கலயே?"

"சேச்சே! என்ன கேள்வி தாயி இது? தலையில ஒரு சொட்டுப் பட்டிருந்தா இந்நேரம் உங்க பந்தல் கடலுக்குப் போயிருக்கும்," என்றார் ஜாஜாங், ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே.

தையல் மிஷின் நின்றது. உள்ளேயிருந்து இமாஸ் சிரித்த சிரிப்பு போனில் அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். அன்று ராத்திரி அவள் தலையணையை எடுத்துக்கொண்டு தையல் அறைக்குப் போகவில்லை.